ஏட்டுக் கொட்டாயும் நீலமேகத்தின் முதல் சாவும்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில், கோட்டைக்குப்பத்தில் நீலமேகம் என்று ஒருவர் உயிரோடு இருந்தார். உயிரோடு இருந்தார் என்று இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கோட்டைக் கணக்குப்படி அவர் இல்லை. ஊர்க் கணக்குப்படி இருந்தார். இந்த இரண்டு கணக்கும் என்றைக்கும் ஒத்துப்போனது கிடையாது.

வம்பு ஒரு மரப்பெட்டியில் ஆரம்பித்தது. ஊர் ஊராகப் போய் ஏடு படித்துக் கதை சொல்லும் பண்டாரம் ஒருவர் குப்பத்துக்கு வந்தார். நீலமேகத்தின் மனைவி திரௌபதி வைத்த நண்டுக் குழம்பைச் சாப்பிட்டார். கிளம்ப மனசில்லாமல் ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டார். பண்டாரம் நண்டு தின்னலாமா என்று கேட்பவர்கள் திரௌபதியின் குழம்பைச் சாப்பிடாதவர்கள். சும்மா சாப்பிடக் கூச்சப்பட்டு அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். குழம்பு நன்றாக அமைந்த நாள்களில் பாடம் வேகமாக நடந்தது. பிறகு காசிக்குப் போகிறேன் என்று கிளம்பினார். ஏட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காசிவரை நடக்க முடியாது.

"நான் திரும்பி வர்ற வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும் தாயி. யார் கேட்டாலும் படிச்சுக் காட்டு. நனைய மட்டும் விடாதே" என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். காசியில் யாரோ இன்னும் நல்ல குழம்பு வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இனி ஏரி விஷயம். ஏரியில் நல்ல மீன் விழும் இடங்கள் கொஞ்சம், வலைகள் நிறைய. ஆகையால் குப்பத்தார் அம்மன் கோயில் முன்னால் குடத்தில் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு வந்தவன் ஏரிக்குப் போவான். வராதவன் கரையில் உட்கார்ந்து, போனவனைத் திட்டுவான். திட்டு முற்றிக் கைகலப்பாகும். கைகலப்பை ஊர் நாட்டார் அங்கமுத்து விசாரிப்பார். இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு கொடுவா மீன் அபராதம் வைப்பார்கள். அங்கமுத்து வலை வீசி யாரும் பார்த்ததில்லை. அவர் வீட்டில் மீன் குழம்பு இல்லாத நாளையும் யாரும் பார்த்ததில்லை.

திரௌபதி பெட்டியைத் திறந்த பிறகு இந்த ஏற்பாடு கெட்டுப்போனது. பாடு இல்லாதவர்கள் அவள் வீட்டுக்கு வந்து நண்டரசன் கதை கேட்க ஆரம்பித்தார்கள். சாபத்தால் நண்டாகிப்போன ஒரு ராஜாவின் கதை. ஒரு கட்டு ஏடு முடிந்தால் அடுத்த கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். ஏரியில் கையால் துழாவி நண்டு பிடிக்கிற முனியம்மாள், அந்தக் கதையைக் கேட்ட நாள்முதல், அகப்பட்ட ஒவ்வொரு நண்டையும் முகத்துக்கு நேரே தூக்கி, "இன்னா, நீதானா ராஜா?" என்று விசாரித்து, பதில் சொல்லாததை மட்டும் கூடையில் போட்டாள். கூட்டம் தாங்காமல் நீலமேகத்தின் மண்சுவர் ஒரு பக்கம் சரிந்தது. கூரை ஏற்கெனவே பல இடங்களில் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இந்தாய்யா, ஐப்பசி மழ வந்துச்சின்னா ஏடெல்லாம் ஊறிப் பூடும்" என்றாள் திரௌபதி. "பண்டாரத்துக்கு நான் வாக்கு குடுத்துக்கீறேன். ஊருக்குப் பொதுவா ஒரு ஏட்டுக் கொட்டாய் போடு. ஒசந்த மேடா, நல்ல கூரையா. யாரு வேணா வந்து குந்தலாம், யாரு வேணா கேக்கலாம். படிக்கத் தெரிஞ்சவன் எடுத்துக்கினு போயி படிச்சிட்டுக் குடுக்கட்டும்."

"திருப்பிக் குடுக்கலன்னா?"

"அடுத்த கட்டு கெடையாது. கத எங்க நிக்குதுன்னு பாத்தல்ல? நண்டு கொதிக்கிற சட்டிக்கு மேல தொங்குது. தானா ஓடியாருவான்."

நீலமேகம் சாதுவான மனிதர். எதிர்க்காற்றில்கூட மரியாதையாகத்தான் துடுப்புப் போடுவார். அவர் ஊரைக் கூட்டிக் கொட்டாய் வேண்டும் என்று கேட்டார்.

அங்கமுத்து தொடையில் தட்டினார். "ஏடு படிச்சா மீனு வுழுமா?"

முனியம்மாள் முந்திக்கொண்டாள்.

"நாட்டாரே, நீ இத்தினி வருசமா பஞ்சாயத்து பண்றியே, அதுல எங்க மீனு வுழுந்துச்சி?"

"ஏன், எனக்கு வுழுந்துச்சே!" என்றார் அங்கமுத்து, யோசிக்காமல்.

ஊர் சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற நாரைகள் எழும்பிப் பறந்தன. அதற்கு மேல் அவரால் எதிர்க்க முடியவில்லை. "நல்லாப் போடுங்க. எனக்கின்னா? ஆனா கோட்ட உத்தரவு இல்லாம கூர ஏத்துனா பீரங்கி பேசும். அப்பால என்னாண்ட வரக் கூடாது" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

அவர் சொன்னது சரிதான். கோட்டை பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை, கூரை உள்ள எதையும் உத்தரவில்லாமல் கட்டக் கூடாது. பின்னால் எதிரி ஒளிந்துகொள்வானாம். அப்படியானால் குப்பத்து வீடுகள்? அவை கோட்டைக்கும் முந்தியவை. அவற்றை வீடு என்று ஒப்புக்கொள்ளக் கோட்டைக்கு இஷ்டமில்லை. 'காய்ந்த ஓலைக் குவியல்கள்' என்று எழுதி வைத்திருந்தார்கள். குவியலுக்குள் அடுப்பு எரிவதும் பிள்ளை பிறப்பதும் அவர்கள் கவனத்துக்கு வரவில்லை.

கோட்டைக்குள் நீலமேகத்தை அழைத்துப் போனவர் துபாஷி ராஜவேலு. வெள்ளைக்காரன் பேச்சைத் தமிழிலும், தமிழ்ப் பேச்சை வெள்ளைக்காரனுக்கும் சொல்கிற உத்தியோகம். சரிகைத் தலைப்பாகை, வெள்ளிப் பூண் போட்ட தடி. துரை தும்மினால் அவரும் தும்முவார். தும்மலையும் விடாமல் மொழிபெயர்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

சபையில் நான்கு துரைகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரிய துரை. பக்கத்தில் கிடங்குத் துரை, லாயத் துரை, கல்லறைத் துரை. நீலமேகம் விஷயத்தைச் சொன்னதும் பெரிய துரை எழுந்து நின்று பேசினார். ராஜவேலுவும் அதே தோரணையில் நின்று தமிழில் பேசினார்.

"மக்களுக்கு அறிவைக் கொண்டுசேர்ப்பதில் எங்களை மிஞ்ச இந்தக் கடற்கரையில் ஆள் இல்லை. இந்தக் கோட்டையிலேயே ஒரு புத்தக அலமாரி இருக்கிறது. அதை நாங்கள் எவ்வளவு மதிக்கிறோம் என்றால், இன்றுவரை ஒருவரும் அதைத் திறந்து புத்தகங்களைத் தொந்தரவு செய்ததில்லை. சாவி கடலுக்கு அப்பால் பத்தாவியாவில், எங்கள் மேலிடத்தில், பத்திரமாக இருக்கிறது. பூட்டு மட்டும் இங்கே எங்கள் பொறுப்பு. அதைத் தினமும் துடைக்கிறோம்."

துரைகள் கை தட்டினார்கள். நீலமேகமும் தட்டினார். என்ன கிடைத்தது என்று மட்டும் அவருக்குப் புரியவில்லை.

"அப்ப கொட்டாய் போட்டுக்கலாமா தொரை?"

"தாராளமாக. ஆனால் கூரை உள்ள கட்டடம் மூன்று வகைதான். கிடங்கு, லாயம், கல்லறை. உன்னுடையது எது?"

"இது மூணும் இல்லீங்க. ஏடு வெக்கிற எடம்."

"அப்படி ஒரு வகை இல்லை. இல்லாத வகைக்கு உத்தரவு கொடுத்தால் அந்த வகை உண்டாகிவிடும். உண்டாவதற்கு மேலிடத்தைக் கேட்க வேண்டும். மூன்றில் ஒன்றாக இருக்க முயற்சி செய்."

நீலமேகம் யோசித்து, கிடங்கு என்றார். பொருள் வைக்கிற இடம்தானே?

கிடங்குத் துரை தராசோடு குப்பத்துக்கு வந்தார். நண்டரசன் கதையின் முதல் ஏட்டுக்கட்டைத் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டார். "இதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள் என்கிறாய். படித்தவன் எவ்வளவு எடுத்துக்கொண்டான் என்று தெரிய வேண்டாமா? படிக்கக் கொடு, மறுபடி நிறுக்கிறேன்."

கட்டு ஊரைச் சுற்றியது. இறால் உரித்த கை தொட்டது. மீனெண்ணெய் வடித்த கை தொட்டது. எழுத்துத் தெரியாதவர்கள்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது துரை நிறுத்தார். தராசுத் தட்டு கீழே போனது. மறுபடி நிறுத்தார். தட்டு இன்னும் கீழே போனது. நடுவில் முனியம்மாள் ஒருமுறை தொட்டிருந்தாள்.

துரைக்கு வியர்த்துவிட்டது. கோட்டைக்கு ஓடினார். சபை கூடியது.

"இந்தச் சரக்கு படிக்கப் படிக்கக் கனக்கிறது!" என்று கத்தினார் கிடங்குத் துரை. "இதைக் கிடங்கில் ஏற்றுக்கொள்ள முடியாது. என் கிடங்கில் எந்தச் சரக்கும் எந்தக் காலத்திலும் கூடியதில்லை. குறைந்துதான் இருக்கிறது. குறைவதற்கு எங்களிடம் ஒழுங்கான காரணங்கள் உண்டு. எலி, ஈரம், காற்று, என் மைத்துனன். கூடுகிற சரக்கு ஒன்று உள்ளே வந்தால், மற்றது ஏன் கூடவில்லை என்று கேள்வி வரும். நான் குடும்பஸ்தன்."

சபை அவரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தது. கிடங்கு தள்ளுபடியானது.

"சரி, லாயம்னு சொல்லு" என்றாள் திரௌபதி. "மாட்டுக் கொட்டாய்ல ஏடு வெச்சா இன்னா, நனையாம இருந்தா சரி."

லாயத் துரைக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் குதிரை இல்லாமல் லாயம் ஏது? குப்பத்தில் யாரிடமும் குதிரை கிடையாது. ஆகவே கோட்டையிலிருந்தே ஒரு கிழக் குதிரையை மாதிரிக்காக அனுப்பினார். நாலு கம்பு நட்டு, கூரைக்குப் பதில் பாய் கட்டி, ஒரு பக்கம் குதிரையையும் ஒரு பக்கம் ஏட்டுப் பெட்டியையும் வைத்தார்கள்.

அந்தக் குதிரைக்கு வெகுநாளாக வயிறு இறங்காத உபத்திரவம். கோட்டை வைத்தியர்கள் கைவிட்ட கேஸ். அது அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பெட்டியில் தலையை விட்டு, ஒரு பழைய வைத்திய ஏட்டிலிருந்து ஓர் ஓலையைக் கடித்துத் தின்றது. திரௌபதி ஓடிவந்து மிச்சத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். போனது பேதியாவதற்கு மருந்து சொல்லும் ஓலை. சற்று நேரத்தில் குதிரை பூரண குணமடைந்தது. பாய், கம்பு, பக்கத்தில் காய்ந்த வலை எல்லாம் அதற்குச் சாட்சி.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. குணமான குதிரை கதை கேட்க ஆரம்பித்துவிட்டது. திரௌபதி படிக்கும்போது காதை நிமிர்த்திக் கேட்கும். நிறுத்தினால் கனைக்கும். லாயத் துரை வந்து சேணத்தைப் பூட்டினால் படுத்துக்கொள்ளும். "கட்டளை கேட்ட மிருகம் கதை கேட்கிறது!" என்று சபையில் அவர் கண் கலங்கினார். "நாளைக்கு என் சிப்பாய்களும் கேட்பார்கள். கதை கேட்டவன் அடுத்து என்ன என்று கேட்பான். அடுத்து என்ன என்று எனக்கே தெரியாத இடத்தில் அவன் கேட்டால் நான் என்ன சொல்வேன்?"

குதிரையை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். லாயமும் தள்ளுபடி.

இதற்குள் புரட்டாசி முடிந்துவிட்டது. கடல் பக்கம் வானம் கறுத்து, காற்று திசை மாறிவிட்டது. திரௌபதி ஏட்டுப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கூரையின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக முறைத்தாள். பிறகு அதே முறைப்பைப் புருஷன் பக்கம் திருப்பினாள். அவர் மறுபடி கோட்டைக்குக் கிளம்பினார்.

இந்தத் தடவை வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டவர் கல்லறைத் துரை. ஒல்லாந்தர்கள் செத்தால் அவர்களுக்கு மண்டை ஓடும் எலும்புக்கூடும் செதுக்கிய கல் நாட்டி, மண்டபம் கட்டுவது அவர் இலாகா. அந்த வருஷம் காற்று நன்றாக இருந்ததோ என்னவோ, ஒரு வெள்ளைக்காரனும் சாகவில்லை. செதுக்கிய கல் சும்மா கிடந்தது. மேலிடத்துக்கு எழுத ஒன்றும் இல்லாமல் துரை இளைத்துப்போயிருந்தார்.

"துரை மனம் விட்டுப் பேசுகிறார், கேள்" என்றார் ராஜவேலு. "கல்லறை என்று எழுதிக்கொடுத்தால் நாளையே வேலை ஆரம்பம். செங்கல், சுண்ணாம்பு, ஒழுகாத விமானக் கூரை, உயர்ந்த மேடை, எல்லாம் கோட்டைச் செலவு. உயிரோடு இருப்பவனுக்கு ஒரு ஓலை கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. செத்தவனுக்குச் செய்ய வரம்பே இல்லை."

நீலமேகத்துக்கு நம்ப முடியவில்லை. "அதுல ஏட்டுப் பெட்டிய வெச்சிக்கலாமா?"

"இறந்தவருடைய உடைமைகளை உள்ளே வைப்பது வழக்கம்தான். பார்க்க வருகிறவர்கள் வரலாம், உட்காரலாம், அழலாம். சத்தம் போட்டுப் படிக்கவும் செய்யலாம், பிரார்த்தனை என்று எழுதிக்கொள்வோம். ஒரே ஒரு நிபந்தனை."

"இன்னாங்க?"

"யாராவது சாக வேண்டும்."

"யாருங்க?"

ராஜவேலு துரையைப் பார்த்தார். துரை நீலமேகத்தைப் பார்த்தார், அளவெடுக்கிற மாதிரி.

"விண்ணப்பம் யார் பேரிலோ அவர்தான். பயப்படாதே. எழுத்தில்தான். ஆனால் ஏமாற்று வேலை நடக்கக் கூடாது என்பதில் கோட்டை கண்டிப்பு. ஆகவே செத்தவர் நேரில் வந்து, ஆமாம் செத்தேன் என்று கைநாட்டு வைக்க வேண்டும்."

நீலமேகம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டார். திரௌபதி வானத்தைப் பார்த்தாள். முதல் தூறல் அவள் மூக்கில் விழுந்தது.

"செத்துட்டு சீக்கிரம் வந்துடு. சோத்துக்கு ஒல வெக்கிறேன்."

மண்டபம் எழும்பியது. நல்ல கட்டடம், அதைக் குறை சொல்ல முடியாது. வாசலில் இரண்டு பக்கமும் ஆளுயர எலும்புக்கூடுகள், மேலே ஒரு மண்டை ஓடு. முனியம்மாள் வந்து பார்த்துவிட்டு, "பாவம், இதுங்களுக்கு யாரும் சோறு போடல போல" என்றாள். ஒரு எலும்புக்கூட்டின் முழங்கை வாகாக நீட்டிக்கொண்டிருந்தது. அவள் நண்டுக் கூடையை அதில் மாட்டிப் பார்த்தாள். கச்சிதமாக நின்றது.

சவ அடக்க நாளில் கோட்டை முழுவதும் அணிவகுத்து வந்தது. தம்பட்டம், கறுப்புத் துணி, தலைகீழாகப் பிடித்த துப்பாக்கிகள். நீலமேகம் கைநாட்டு வைத்துவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் உறவுக்காரர்களோடு நின்றார். யாரோ அவருக்கே ஆறுதல் சொன்னார்கள்.

பெரிய துரை தொப்பியைக் கழற்றினார்.

"நீலமேகம் ஓர் உத்தமக் குடிமகன். அவர் எங்களிடம் எதுவுமே கேட்டதில்லை."

"கேட்டனே தொரை" என்றார் நீலமேகம்.

"பிணம் பேசக் கூடாது" என்று பல்லைக் கடித்தார் ராஜவேலு.

"கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொடுத்திருப்போம். அவர் உயிரோடு இருந்தவரை அவரைக் கவனிக்க எங்களுக்கு நேரம் இல்லை. இப்போது எங்களுக்கு நேரம் இருக்கிறது, அவர்தான் இல்லை. குடிமக்கள் எங்களைப் புரிந்துகொள்ளாமல் இப்படி முந்திக்கொள்வது எங்கள் நிர்வாகத்துக்கு மிகவும் வசதியாக, மன்னிக்கவும், வருத்தமாக இருக்கிறது."

கூட்டத்தில் நாட்டார் அங்கமுத்து கதறி அழுதார். இவ்வளவு நல்லவன் என்று தெரியாமல் போய்விட்டதே என்றார். நீலமேகத்துக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்போதுதான் அது நடந்தது. மண்டபத்தின் நடுவில் ஒரு குழி தோண்டியிருந்தார்கள். அந்தப் பக்கத்து மணலில் முழங்கை ஆழம் தோண்டினாலே ஏரித் தண்ணீர் எட்டிப் பார்க்கும். குழியில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கல்லறைத் துரை கையைக் காட்ட, நாலு சிப்பாய்கள் போய் ஏட்டுப் பெட்டியைத் தூக்கிக் குழிக்கு மேலே பிடித்தார்கள்.

"ஐயோ, இன்னா பண்றீங்க?" என்று அலறினாள் திரௌபதி.

"பெட்டி ஒன்று குழிக்குள் போனால்தான் அடக்கம் முடியும்" என்றார் ராஜவேலு. "வேறு பெட்டி கொண்டுவரவில்லையே?"

சிப்பாய்கள் இறக்க ஆரம்பித்தார்கள். பெட்டியின் அடிப்பக்கம் தண்ணீரை ஒரு சாண் தூரத்தில் நெருங்கிவிட்டது. மழையிலிருந்து காப்பாற்ற இத்தனை பாடுபட்டது ஏரியில் முக்கி எடுக்கவா? நீலமேகம் வாழ்நாளில் யாரையும் தள்ளியதில்லை. அன்றைக்குப் பெரிய துரையையே ஒதுக்கித் தள்ளிவிட்டு ஓடினார். தொபீர் என்று குழிக்குள் குதித்தார். தண்ணீரில் மல்லாக்கப் படுத்து, மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கத்தினார்.

"தொரை! செத்தவன் நானு! குழி எனக்கு! பெட்டி என் சாமானு! சாமான மேல வெக்கிறதுதான வழக்கம்? நீங்களே சொன்னீங்க!"

கல்லறைத் துரை விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பெரிய துரை அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பிணம் சொல்வது சரி" என்றார் கல்லறைத் துரை கடைசியில். "உடல் கீழே, உடைமை மேலே. இவ்வளவு விதி தெரிந்த பிணத்தை நான் பார்த்ததில்லை."

பெட்டி மேடைமேல் போய் உட்கார்ந்தது. வெளியே துப்பாக்கிகள் முழங்கின. நீலமேகம் குழியில் மிதந்தபடி மரியாதையாகக் கும்பிட்டார். மண் தள்ளுவது வேறு இலாகா என்பதாலும், அந்த இலாகாத் துரை வேட்டைக்குப் போயிருந்ததாலும், அதை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நீலமேகம் ஏறி வந்து வேட்டியைப் பிழிந்தார். குழியில் அகப்பட்ட ஒரு நண்டு அவர் மடியிலிருந்து விழுந்தது. முனியம்மாள் அதைத் தூக்கி விசாரித்தாள். பதில் இல்லை.

அன்று சாயங்காலம் மழை கொட்டியது. ஊர் முழுக்க மண்டபத்துக்குள் உட்கார்ந்திருக்க, கொதிக்கிற சட்டிக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த நண்டரசனைத் திரௌபதி ஒருவழியாகக் கீழே இறக்கினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

மழை விட்டதும் அடுத்த பாடு பிரிக்கச் சீட்டுப் போட்டார்கள். குடத்தில் நீலமேகத்தின் சீட்டு இல்லை.

"செத்தவனுக்கு ஏது பாடு?" என்றார் அங்கமுத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு. "ஊரே பாத்துச்சி. நானே அழுதேன். புள்ள இருந்தா புள்ளைக்குப் போவும். உனக்குத்தான் புள்ள இல்லியே. கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடு."

நீலமேகம் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். பாடு இல்லையென்றால் ஏரியில் அவர் வலை நனையாது. வலை நனையாவிட்டால் அடுப்பு எரியாது. ஏடு காய்ந்திருக்க வயிறும் காய வேண்டுமா?

திரௌபதி எழுந்து இடுப்பில் கை வைத்தாள். "நாட்டாரே, ஒண்ணு கேக்கறேன். கோட்டக் கணக்குல செத்தவனுக்கு நம்ம குடத்துல சீட்டு இல்ல. அப்படித்தான?"

"அப்படித்தான்."

"அப்ப கோட்டக் கணக்குல உசுரோட கீறவனுக்குச் சீட்டு உண்டுதான?"

"உண்டு, உண்டு."

"கப்பல்ல சுமை எறக்க ஆள் கூப்புடறப்ப, கோட்டக்காரன் வருசா வருசம் உங்க நைனா பேரக் கூப்புடறானே. அவுரு எப்ப செத்தாரு?"

அங்கமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். அவருடைய அப்பா செத்து எலும்புகூட மண்ணாகியிருக்கும். கோட்டைக் கணக்கில் மட்டும் திடகாத்திரமாக இருந்தார்.

"அவருக்கு ஒரு சீட்டு போடு" என்றாள் திரௌபதி.

"எங்க மாமியாகூட அதுல உசுரோடதான் கீது!" என்று கத்தினாள் முனியம்மாள். "அதுக்கும் போடு. வோணாம், வோணாம், அது வந்துடப் போவுது!"

ஆளாளுக்கு எழுந்து, கோட்டைக் கணக்கில் உயிரோடிருக்கும் தாத்தா, கொள்ளுத்தாத்தாவுக்கெல்லாம் சீட்டுக் கேட்டார்கள். குடம் போதாது என்று ஒருவன் அண்டா எடுத்துவர ஓடினான். இத்தனை செத்தவர்களுக்கும் முறை வைத்தால் உயிரோடு இருப்பவனுக்குப் பாடு வர அவனும் சாக வேண்டியிருக்கும்.

அங்கமுத்து கையை உயர்த்தினார். "சரி, வுடுங்க. கோட்டையில செத்த சாவு கோட்டையோட. அது ஏரிக்கு வராது." அப்படியே நீலமேகத்தின் சீட்டையும் குடத்தில் போட்டார். கைகலப்பு நடக்காததால் மீன் எதுவும் தேறவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அதன் பிறகு ஏட்டுக் கொட்டாய் நன்றாக நடந்தது. ஏடு எடுத்துப் போகவும் பாடு மாதிரியே குடத்தில் சீட்டுப் போட்டார்கள். சுண்ணாம்புக்குளத்திலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் வந்து கேட்டார்கள். கல்லறைத் துரை மேலிடத்துக்கு எழுதினார்: 'நம் கல்லறையைப் பார்க்க ஜனங்கள் அலைமோதுகிறார்கள். சிலர் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார்கள். இறந்தவர் தினமும் வந்து பெருக்குகிறார்.' அவருக்கு உத்தியோக உயர்வு கிடைத்தது.

வெகுகாலம் கழித்து நீலமேகம் நிஜமாகவே படுத்துவிட்டார். காய்ச்சல், மூச்சு இழுப்பு. கஞ்சி இறங்கவில்லை. விஷயம் தெரிந்து ராஜவேலு தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். அவருக்கும் வயசாகியிருந்தது, தலைப்பாகைக்கு இன்னும் அதிகமாக.

"ஏம்பா, என்ன செய்யப் பார்க்கிறாய்? கோட்டைக் கணக்கில் நீ செத்தவன். ஒரே ஆள் இரண்டு தடவை சாக விதியில் இடமில்லை. உனக்குச் சாக வேண்டும் என்றால் முதலில் உயிரோடு இருக்க வேண்டும். உயிரோடு இருப்பதாக உத்தரவு பத்தாவியாவிலிருந்து வர வேண்டும். நான் எழுதிப்போடுகிறேன்."

"அதுவரிக்கும் நான் இன்னா பண்றது?" என்றார் நீலமேகம், இழுத்த மூச்சோடு.

"கப்பல் வரும்வரை பொறுத்திரு. சட்டத்தை மீறாதே."

நீலமேகம் சாதுவான மனிதர், முன்பே சொன்னோம். உத்தரவை மீறி ஒரு காரியமும் செய்து பழக்கமில்லை. பெருமூச்சு விட்டு எழுந்து உட்கார்ந்தார். கஞ்சி கேட்டார். மறுநாள் தட்டுத் தடுமாறிக் கொட்டாய்க்கு நடந்தார்.

கப்பல் வரவில்லை. அடுத்த பருவத்துக் கப்பல் வந்தது, உத்தரவு வரவில்லை. துரைகள் மாறினார்கள். கொடியும் மாறியது. வேறு வெள்ளைக்காரர்கள் வந்து கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். எலும்புக்கூடுகளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, கல்லறை என்று அந்த மண்டபத்தை மட்டும் விட்டுப் போனார்கள். உள்ளே அதே மேடை, அதே பெட்டி. கண்ணுக்கு மிக அருகில் ஏட்டைப் பிடித்துக்கொண்டு திரௌபதி. வாசல் எலும்புக்கூட்டின் முழங்கையில் நண்டுக் கூடை.

முனியம்மாள் உட்காரும்போதெல்லாம் கேட்பாள்: "அண்ணே, உத்தரவு வந்துச்சா?"

நீலமேகம் கடல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வார்.

"கப்பலு இன்னும் வர்ல" என்பார். பிறகு திரௌபதி பக்கம் திரும்பி, "நீ மேல படி புள்ள."